லாப்ஸ்டர் ரோல்: மேய்ன் முறையும் கனெக்டிகட் முறையும், வீட்டில் செய்யும் வழியும்

பாரம்பரிய லாப்ஸ்டர் ரோலை, அதாவது லாப்ஸ்டர் என்னும் பெரிய கடல் இறால் வகையின் வெந்த சதையைப் பன்னில் வைத்துத் தரும் உணவை, வீட்டிலேயே செய்ய முடியுமா, அதில் சேர வேண்டியது மயோனைஸா உருக்கிய வெண்ணெயா என்பது கேள்வி. தாராளமாகச் செய்யலாம், அடுப்பு வேலை அதிக நேரம் பிடிக்காது, ஓடு உடைத்துச் சதையை எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். மயோனைஸ், வெண்ணெய் இரண்டுமே மரபுதான். முன்னது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக்கும் பின்னது கனெக்டிகட் மாநிலத்துக்கும் உரியது. ஆனால் எந்த மூலிகை, எந்த மிளகு, எவ்வளவு சாஸ் என்பதிலேயே பெரும்பாலானோர் கவனத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். இந்த ரோல் நன்றாக வருவதும் வீணாவதும் லாப்ஸ்டர் எத்தனை நிமிடம் வெந்தது, வெந்த சதையில் எவ்வளவு நீர் தங்கியது என்ற இரண்டையே பொறுத்தவை. ஆகவே அவற்றுக்கே இங்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் லாப்ஸ்டரை முழுதாக வேகவைத்து, மேசையில் வைத்து, ஓட்டை உடைத்து, கையெல்லாம் நீர் வழியச் சாப்பிடுவதே பழைய வழக்கம். கார்கள் பெருகிக் கடற்கரைச் சாலையோரங்களில் சிற்றுண்டிக் கடைகள் தோன்றிய காலத்தில், உடைக்கும் வேலையைச் சமையல்காரரே முடித்துச் சதையை மட்டும் பன்னில் வைத்துக் கொடுக்கும் முறை பரவியது. கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபர்டு நகரில் இருந்த பெர்ரிஸ் என்ற உணவகம் 1929 வாக்கில் சூடான வெண்ணெய் ரோலை விற்றது என்பதே இதன் தொடக்கமாகப் பொதுவாக எடுத்துக்காட்டப்படுகிறது. வடக்கே மேய்னில் குளிர்ந்த சதையும் மயோனைஸும் சேர்ந்த வடிவம் வேரூன்றியது. ஆனால் மேய்னுக்கு உள்ளேயே கடைக்குக் கடை வேறுபாடு உண்டு. விஸ்காசெட் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ரெட்ஸ் ஈட்ஸ் கடையில், ஒரு லாப்ஸ்டருக்கும் மேற்பட்ட சதையை எதுவும் கலக்காமல் பன்னில் குவித்து, மயோனைஸையும் உருக்கிய வெண்ணெயையும் தனியாகக் கொடுப்பார்கள். கோடையில் அங்கே நீளும் வரிசை பெயர்பெற்றது. கென்னபங்கில் உள்ள கிளாம் ஷாக் கடையிலோ வட்டமான பன்னில், மயோனைஸ், வெண்ணெய் இரண்டையும் சேர்த்தே வாங்கலாம். மேய்ன்காரர் ஒருவர் தம் ஊர் முறையே ஒரே அசல் முறை என்று வாதிடுவதைக் கேட்க நேர்ந்தால், இந்த இரண்டு கடைகளையும் அவருக்கு நினைவூட்டலாம். நியூயார்க் நகரத்தார் இந்த ரோலைத் தேடி உண்ணத் தொடங்கியதற்கு, சமையல்கலைஞர் ரெபெக்கா சார்ல்ஸ் 1997இல் அங்கே திறந்த பேர்ல் ஆய்ஸ்டர் பார் என்ற உணவகம் முக்கியமான காரணம்.

இந்த உணவுக்குரிய லாப்ஸ்டர் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் ஹோமரஸ் அமெரிக்கானஸ் என்ற இனம். நம் கடல்களில் கிடைக்கும் சிங்கி இறாலுக்கு நீண்ட முள் மீசை உண்டே தவிரப் பெரிய கொடுக்குகள் கிடையாது. இதற்கோ இரண்டு பெரிய கொடுக்குகள், ஒன்று நசுக்குவதற்கு, மற்றொன்று கிழிப்பதற்கு. ரோலின் சுவையில் பாதி இந்தக் கொடுக்குகளின் மென்மையான சதையில்தான் இருக்கிறது. மேய்ன் கடலில் பிடிப்பவர்கள் முதுகோட்டின் நீளத்தை அளந்து, 3.25 அங்குலத்துக்குக் குறைந்தவற்றையும் 5 அங்குலத்தைத் தாண்டியவற்றையும் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். முட்டை சுமக்கும் பெண் லாப்ஸ்டரின் வால் துடுப்பில் ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு வெட்டு அடையாளம் இட்டு விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருக்கும் வரை, பின்னொரு நாள் முட்டை இல்லாமல் சிக்கினாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டப்படி பிடிக்கத்தக்க அளவை எட்ட ஒரு லாப்ஸ்டருக்கு ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆகின்றன.

ரோலுக்கு ஒன்றேகால் பவுண்டு, அதாவது சுமார் 570 கிராம் எடையுள்ள லாப்ஸ்டரே வசதியானது. ஒன்றின் சதை ஒரு ரோலுக்குச் சரியாக இருக்கும். பெரிதாக வாங்கினால் சதை கெட்டியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் அளவைவிட வேகும் நேரமே சதையைக் கெடுக்கிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று ஓட்டின் நிலை. கோடையில் லாப்ஸ்டர்கள் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓட்டுக்கு மாறுகின்றன. புது ஓடு உடலைவிடப் பெரிதாக இருப்பதால் இடைவெளியில் கடல்நீர் நிரம்பியிருக்கும்; எனவே அதே எடைக்குச் சதை குறைவு. இவற்றை மேய்னில் ஷெட்டர் என்பார்கள். விலையும் குறைவு, சதை இனிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும், ஓட்டைச் சில சமயம் கையாலேயே பிளந்துவிடலாம். கெட்டி ஓட்டு லாப்ஸ்டரில் எடையில் கால் பங்கை நெருங்கும் அளவுக்குச் சதை கிடைத்தால், புது ஓட்டில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். உள்ளூரில் வாங்குபவர்கள் ஜூலை முதல் இலையுதிர் காலம் வரை புது ஓட்டைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அது நெடும்பயணத்தைத் தாங்காது. டொரன்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிழக்குக் கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் பகுதிகளிலிருந்து வரும் கெட்டி ஓட்டு வகை. நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையில் பிடிப்புக் காலம் நவம்பர் இறுதியில் தொடங்கி மே முடிய நீடிப்பதால், குளிர்காலத்தில்கூட உயிருள்ள லாப்ஸ்டர் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும்.

உயிரோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். இறந்த லாப்ஸ்டரின் செரிமானச் சுரப்பியிலிருந்து கசியும் நொதிகள் வால் சதையை விரைவில் குழைத்துவிடும். பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும். தூக்கியவுடன் வாலை மடக்கி அடிப்பது, கால்களும் கொடுக்குகளும் அசைவது நல்ல அறிகுறி. கொடுக்கு துவண்டு தொங்கினால் விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈரமான செய்தித்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் போட்டால் உப்பில்லாத நீரில் அது இறந்துவிடும். காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தாலும் மூச்சடைத்துவிடும். அன்றைக்கே சமைப்பது நல்லது, மறுநாளைத் தாண்டக் கூடாது.

கொதிநீரில் உயிரோடு போடுவதா என்பது பலருக்கும் இருக்கும் தயக்கம், நியாயமான தயக்கம்தான். சுவிட்சர்லாந்து 2018இல், முதலில் உணர்விழக்கச் செய்யாமல் லாப்ஸ்டரைக் கொதிநீரில் போடுவதைத் தடை செய்தது. பிரிட்டன் 2022இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் நண்டு, லாப்ஸ்டர் முதலியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: சமைப்பதற்கு முன் 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்தால் அது மரத்து அசைவற்றுவிடும். பிறகு பலகையில் வைத்து, கண்களுக்குப் பின்னால் தலையோட்டில் தெரியும் குறுக்குக் கோட்டில் கனமான கத்தியின் முனையை ஊன்றி, ஒரே அழுத்தில் கண்களை நோக்கிப் பிளந்துவிட வேண்டும். அதன் நரம்பு மண்டலம் ஒரே மூளையில் குவியாமல் உடல் நெடுகச் சிறு முடிச்சுகளாகப் பரவியிருப்பதால், அதன் பிறகும் கால்கள் சற்று நேரம் அசையும். கொடுக்குகளில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையங்களை இப்போது கழற்றிவிடலாம்.

இனி வேகவைப்பது. கொதிக்கும் உப்புநீரில் போடுவதும் ஆவியில் வைப்பதும் இரண்டும் மேய்னில் நடைமுறையில் உள்ளவை. கொதிநீர் என்றால் லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி அளவுக்கு உப்பு வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதை ஒட்டியே இந்த அளவு. நான் ஆவியையே பரிந்துரைக்கிறேன். பெரிய பானையில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்புநீர் ஊற்றி, ஒரு தட்டு வைத்து, நீர் நன்றாகக் கொதித்த பின் லாப்ஸ்டரை அடுக்கி இறுக்கமாக மூட வேண்டும். பெரிய இட்லிப் பானை இருந்தால் இரண்டு லாப்ஸ்டருக்கு அதுவே போதும். ஆவியில் வெப்பம் சற்று மெதுவாக ஏறுவதால் ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பெரிய சேதம் நேராது. சுவையும் நீரில் கரைந்து போகாது. பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏற்றி வேகவைக்கவே கூடாது.

நேரக் கணக்கு கெட்டி ஓட்டு லாப்ஸ்டருக்கு இப்படி: ஆவியில் ஒரு பவுண்டுக்கு 10 நிமிடம், ஒன்றேகால் பவுண்டுக்கு 12, ஒன்றரைக்கு 14, இரண்டு பவுண்டுக்கு 18. கொதிநீரில் அதே எடைகளுக்கு முறையே 8, 9, 11, 15 நிமிடம். இது ஒவ்வொரு லாப்ஸ்டரின் எடைக்கான நேரமே. நான்கு லாப்ஸ்டரை வைத்ததால் நான்கு மடங்கு வேகவைக்கக் கூடாது. புது ஓட்டு வகைக்கு இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை மூடியைத் திறந்து, மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றி வைத்தால் சீராக வேகும்.

ஓடு சிவந்தால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. உயிருள்ள லாப்ஸ்டரின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து கரும்பச்சை கலந்த நீலமாகத் தெரிகிறது. வெப்பத்தில் அந்தப் புரதம் சிதைந்ததும் நிறமி விடுபட்டுச் சிவப்பு வெளிப்படுகிறது. இது வேகத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நடந்துவிடும், சதையின் பக்குவத்தை அது சொல்லாது. வாலும் உடலும் சேரும் இடத்தில் அடிப்பக்கமாகப் பார்த்தால் சதை கண்ணாடி போன்ற தன்மையை இழந்து வெண்மையாகியிருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் வால் சதையின் நடுவில் குத்திப் பாருங்கள்: 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் எடுத்துவிடலாம், வெளியே வைத்த பின்னும் உள்வெப்பம் சற்று ஏறும். 63 டிகிரி என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு அளவு. கர்ப்பிணிகளோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோ உண்பதாக இருந்தால் அந்த அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். 70ஐத் தாண்டினால் வால் ரப்பராகிவிடும், அதன் பிறகு எந்த மயோனைஸும் அதைக் காப்பாற்றாது.

வெந்ததைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தும்படி பல குறிப்புகள் சொல்கின்றன. வேகுதல் உடனே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டின் இடுக்குகள் வழியே நீர் புகுந்து சதையின் உப்புச் சுவையை நீர்க்கச் செய்துவிடும். அகன்ற தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஆறவிடுவதே மேல். அதற்காக ஒரு நிமிடம் முன்னதாக எடுத்தால் போதும். நேரம் இல்லாதவர்கள் உப்புக் கலந்த பனிநீரில் இரண்டு நிமிடம் மட்டும் வைத்து எடுக்கலாம்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சதை எடுக்கத் தொடங்கலாம். முழுவதும் ஆறவிட்டால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் இரண்டு கொடுக்குகளையும் அவற்றோடு இணைந்த கணுக்களோடு சேர்த்துத் திருகிக் கழற்றி, கொடுக்கின் நுனியில் சிறு துளையிட்டுத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விட்டால் அந்த நீர் முழுவதும் சதைக் கிண்ணத்தில் வந்து சேரும். பிறகு கொடுக்கின் சிறிய விரலைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, பின்னால் வளைத்து இழுத்தால், உள்ளே இருக்கும் தட்டையான குருத்தெலும்பும் அதோடு வெளியே வரும். வராவிட்டால் சதையைப் பிரித்துத் தேடி எடுத்தே ஆக வேண்டும், பன்னைக் கடிக்கும்போது பல்லில் அகப்படுவது அதுதான். பெரிய விரலின் ஓட்டைக் கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் விடும், சதை முழுதாக வெளிவரும். கணுக்களைச் சமையலறைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டித் திறக்க வேண்டும். லாப்ஸ்டரில் மிக இனிப்பான சதை இந்தக் கணுச் சதையே என்பது என் கருத்து, பொறுமை இல்லாதவர்கள் தூக்கி எறிவதும் இதையே.

வாலை உடலிலிருந்து திருகிப் பிரித்து, பக்கவாட்டில் படுக்கவைத்து உள்ளங்கையால் அழுத்தினால் அடி ஓடு நொறுங்கும் ஓசை கேட்கும். இரண்டு கைகளாலும் விரித்தால் சதை ஒரே துண்டாக வரும். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவே ஓடும் கருங்குடலை எடுத்துவிடுங்கள். எட்டுச் சிறு கால்களையும் வெட்டி, நுனியிலிருந்து சப்பாத்திக் கட்டையால் உருட்டினால் மெல்லிய சதைக் குச்சிகள் பிதுங்கி வரும். உடற்கூட்டுக்குள் காணப்படும் பச்சைக் கூழ் அதன் செரிமானச் சுரப்பி. சிலர் அதை விரும்பி உண்பார்கள். ஆனால் நீரில் கலந்த நச்சுகள் அங்கேயே சேர்வதால், மேய்ன் மாநில அதிகாரிகள் உட்படப் பலரும் அதை உண்ண வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள். அதிலிருந்து சிறிது ரோலில் சேர்ந்தாலும் நிறமும் சுவையும் மங்கிவிடும் என்பதால், அதை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் லாப்ஸ்டருக்குள் செந்நிறச் சினைக்கட்டி இருந்தால் உதிர்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

துண்டுகளைப் பெரிதாகவே வையுங்கள். வாலை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கொடுக்கை இரண்டாகவோ முழுதாகவோ விட்டு, கணுச் சதையைத் தொடாமல் இருந்தால் கடிக்கும் ஒவ்வொரு வாயிலும் இழைவேறுபாடு தெரியும். அடுத்து வருவதே பெரும்பாலான குறிப்புகள் தவறவிடும் படி: சதை முழுவதையும் கண்ணுள்ள வடிதட்டில் போட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, மேலே மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அடிப் பாத்திரத்தில் தேங்கும் நீரைப் பார்த்தால் இது ஏன் தேவை என்று புரிந்துவிடும். அந்த நீர் மயோனைஸில் கலந்திருந்தால் அது பால் போல நீர்த்து, பன்னின் அடிப்பாகம் ஊறிக் கையிலேயே பிரிந்திருக்கும். எடுத்த பின் உறிஞ்சுதாளால் ஒற்றியெடுங்கள், கழுவ வேண்டாம்.

நான்கு ரோலுக்குக் கணக்கு இது: ஒன்றேகால் பவுண்டு எடையுள்ள நான்கு லாப்ஸ்டரிலிருந்து 450 முதல் 500 கிராம் சதை கிடைக்கும். அதற்கு மயோனைஸ் 3 மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். சதை மினுங்கும் அளவுக்குப் பூச்சு ஏறினால் போதும், நான்காவது கரண்டி தேவைப்படுவது அரிது. எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு, சிறிது மிளகுத்தூள். உப்பைச் சுவை பார்த்த பிறகே சேருங்கள், கடல் உப்பு ஏற்கனவே சதையில் இருக்கும். செலரித் தண்டு சேர்க்கலாமா என்பது அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. சேர்ப்பதாக இருந்தால் ஒரு தண்டை மிகப் பொடியாக நறுக்கி, மொத்தத்தில் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொறுமொறுப்புக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் நல்ல லாப்ஸ்டர் கையில் இருக்கும்போது நான் சேர்ப்பதில்லை. சைவ்ஸ் என்னும் மெல்லிய வெங்காயத் தாளைப் பொடியாக நறுக்கி மேலே தூவுவது தீங்கற்றது. பூண்டு, பச்சை வெங்காயம், மிளகாய்த்தூள், கறிமசாலா ஆகியவற்றைச் சேர்த்தால் அது வேறொரு நல்ல சாண்ட்விச் ஆகலாம்; கேட்கப்பட்ட உணவு ஆகாது.

மயோனைஸ் வாங்கும்போது இனிப்பில்லாத, முட்டை சேர்ந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். இந்தியக் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் முட்டையில்லா வகைகள் பலவற்றில் சர்க்கரைச் சுவை தூக்கலாக இருந்து, லாப்ஸ்டரின் இயல்பான இனிப்பை மறைத்துவிடுகிறது. பச்சை முட்டையில் வீட்டில் கடைவதைவிட, கிருமி நீக்கிய முட்டையில் தயாரித்துப் புட்டியில் வருவதே பாதுகாப்பானது. உணவு நச்சாகும் அபாயத்தைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸின் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் ஓராண்டுத் தடை விதித்ததை இங்கே நினைவில் கொள்ளலாம்.

பன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூ இங்கிலாந்து ஹாட்டாக் பன் மற்றவற்றைப் போலப் பக்கவாட்டில் பிளக்கப்படுவதில்லை. மேலிருந்து கீழாகப் பிளக்கப்பட்டு, இரு பக்கமும் தோல் இல்லாமல் வெண்மையாக இருக்கும். 1940களில் ஹோவர்ட் ஜான்சன் உணவகங்கள் பொரித்த சிப்பிச் சதையை வைத்து விற்பதற்காக, மேய்னின் போர்ட்லாந்தில் இருந்த ஜே.ஜே. நிசன் பேக்கரியோடு சேர்ந்து இந்த வடிவத்தைக் கொண்டுவந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இந்த வடிவத்துக்கு இரண்டு பயன்கள் உண்டு: தட்டில் சாயாமல் நிற்கும், தோலில்லாத பக்கங்களை வெண்ணெயில் வாட்டலாம். அது கிடைக்காத இடத்தில், வெட்டாத மென்மையான பால் ரொட்டியை 4 சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, நடுவே மேலிருந்து முக்கால் ஆழத்துக்குப் பிளந்தால் ஏறக்குறைய அதே பொருள் வந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டி வெந்த பாவ் பன்களைப் பிரித்தாலும் பக்கங்கள் தோலில்லாமல் கிடைக்கும், அளவு மட்டும் சிறிது. பிரியோஷ் போன்ற வெண்ணெயும் முட்டையும் மிகுந்த ரொட்டியை உயர்ந்த உணவகங்கள் விரும்பினாலும், அதன் இனிப்பு எனக்கு இங்கே பொருத்தமாகப் படவில்லை.

தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, பன்னின் இரு வெளிப்பக்கங்களிலும் இளகிய வெண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பக்கமும் பொன்னிறமாகும் வரை வாட்டுங்கள். சுமார் இரண்டு நிமிடம் ஆகும். உள்பக்கம் மென்மையாகவே இருக்கட்டும். பன் சூடாகவும் உள்ளே செல்லும் சதை குளிர்ச்சியாகவும் இருப்பதே மேய்ன் ரோலின் இன்பம் என்பதால், எல்லோரும் மேசைக்கு வந்த பிறகே பன்னை வாட்டத் தொடங்குங்கள். சதையை வால் துண்டுகள் அடியிலும் கொடுக்குகள் மேலும் தெரியும்படி நிரப்ப வேண்டும். கீழே ஒரு லெட்யூஸ் இலை வைப்பவர்கள் உண்டு. பன் ஊறுவதை அது சற்றுத் தடுக்கும். உருளைக்கிழங்கு வறுவலும் வெள்ளரி ஊறுகாயும் உடன் வைப்பது அந்த ஊர் வழக்கம்.

கனெக்டிகட் முறைக்குச் சதையை வடித்து ஒற்றுவது வரை எல்லாம் ஒன்றே. வேகவைக்கும்போது மட்டும், மீண்டும் சூடேறப் போவதால், ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கு ரோலுக்கு 110 கிராம் உப்பிட்ட வெண்ணெயை அகன்ற பாத்திரத்தில் மிகக் குறைந்த தீயில் உருக்கி, நுரை அடங்கியதும் சதையைச் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடம் மெல்லப் புரட்டுங்கள். வெண்ணெய் கொதிக்கக் கூடாது, பழுப்பாகவும் கூடாது. போர்ட்லாந்தின் ஈவன்டைட் உணவகம் பழுப்பு வெண்ணெயோடு ஆவியில் வெந்த பன்னில் தரும் ரோல் புகழ்பெற்றதுதான், ஆனால் அது புதிய படைப்பு. இறுதியில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, சதையைக் கரண்டியால் அள்ளி, வாட்டிய பன்னில் வைத்து, மிஞ்சிய வெண்ணெயில் ஒரு கரண்டியை மேலே ஊற்றுங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் இந்த முறையைத்தான் சொல்வேன். மயோனைஸ் அளவு தவறும் வாய்ப்பு இதில் இல்லை, வெப்பத்தில் லாப்ஸ்டரின் மணமும் நன்றாக எழும். வெயில் கொளுத்தும் நாளில் மட்டும் மேய்ன் முறையே தேவலாம்.

உயிருள்ள லாப்ஸ்டர் கிடைக்காதவர்கள், வேகவைத்து உறையவைத்த கொடுக்கு, கணுச் சதைப் பொட்டலத்தை வாங்கலாம். இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைநிலை நீக்கி, முன்பு சொன்னதைவிட நீண்ட நேரம் வடியவிட வேண்டும்; உறைந்த சதை அதிகம் நீர் விடும். லாங்கோஸ்டினோ என்ற பெயரில் வருவது வேறு உயிரினம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்குச் சிங்கி இறால் வால்தான் நடைமுறையான வழி. குமரி மாவட்டக் கடற்கரையில் பிடிபடும் பனுலிரஸ் வகைச் சிங்கி இறால்களின் சதை அட்லாண்டிக் லாப்ஸ்டரைவிட இறுக்கமானது, இனிப்பும் சற்றுக் குறைவு. ஆகவே 150 முதல் 200 கிராம் எடையுள்ள வாலை ஓட்டோடு 6 முதல் 8 நிமிடம் ஆவியில் வைத்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாகச் சிறிதாக வெட்டி, மயோனைஸைவிட வெண்ணெய் முறையில் செய்தால் மென்மை கூடும். முழுச் சிங்கி இறாலில் வால் சதை எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே தேறும் என்பதால் நான்கு ரோலுக்கு ஒன்றரைக் கிலோ வரை தேவைப்படும். வயிற்றடியில் முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும் பெண் இறாலை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எடுத்த சதை மயோனைஸ் கலக்காமல் மூடிய பாத்திரத்தில் இரண்டு நாள் கெடாது, கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உடைத்த ஓடுகளைக் கழுவாமல் வெண்ணெயில் வதக்கி, வெங்காயம், கேரட்டோடு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்தால் நல்ல சூப்புச் சாறு கிடைக்கும். அதை உறையவைத்தும் வைத்துக்கொள்ளலாம்.